நோவில்லாத நோயும் நம் கடமையும்

நோவு கண்டவன் மருந்து தேடுவது இயல்பு. நோவே இல்லாதவனை மருந்துண்ணுமாறு மருத்துவர் பணித்தால், அதற்கு இணங்குவது அவனுக்குக் கடமையாகுமா? இரத்தக் கொதிப்பு நம்முன் வைக்கும் வினா இதுவேயாம்.

மிகுந்த இரத்த அழுத்தம் பல்லாண்டுகள் அறிகுறி எதுவும் காட்டாமல் இருக்கக்கூடும். ஆயினும் அது தமனிகளின் உட்சுவரைச் சிதைக்கிறது. சிதைந்த இடத்தில் கொழுப்புப் படிகிறது. அப்படிவு ஒருநாள் வெடிக்க, அதன்மேல் குருதி உறைந்து, இதயத் தசைக்குச் செல்லும் வழியை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு.

வயது ஏற அழுத்தமும் ஏறுதல் இயற்கையே என மருத்துவர் பலரும் எண்ணியிருந்த காலம் உண்டு. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948-ஆம் ஆண்டு தொடங்கி 5,209 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றியது. பத்து இலட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 40 முதல் 69 வயதினரிடையே மேல் அழுத்தம் 115-க்கு மேல் 20 புள்ளி உயருந்தோறும், இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் இருமடங்காவதைக் காட்டியது.

"இது பலரைப் பற்றிய கணக்கு, எனக்கு வருமென்பதற்கு உறுதி உண்டோ?" எனச் சிலர் வினவுவர். உறுதி இல்லைதான். அழுத்தம் மிகுந்தும் முதுமை காண்போர் உண்டு. அளவாயிருந்தும் வீழ்வோர் உண்டு. பலர் மேற்கொள்ளும் தடுப்பினால் சமுதாயம் பெறும் பயன் பெரிது, ஒவ்வொருவரும் பெறும் பயன் சிறிது என்னும் முரணைப் பிரித்தானிய மருத்துவர் ஜெப்ரி ரோஸ் 1981-இல் எடுத்துரைத்தார். உப்பைக் குறைத்து மாத்திரை உண்டவர்களுள் காக்கப்பட்டவர் இவரே என எவரும் சுட்ட இயலாது. நிகழாத மாரடைப்புக்கு நாளும் இல்லை, சாட்சியும் இல்லை.

அதனால் அம்முயற்சி வீணாகுமோ? ஊர்க் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பியவன், விழாமல் தப்பியவர்களை எண்ணிக்காட்ட வல்லனோ? எனினும் அவன் செய்தது நற்செயலே அன்றோ? பயனைக் கண்ணால் கண்ட பின்னரே நன்மை செய்வேன் என்பவன் வாணிகம் செய்கிறான், கடமை ஆற்றுகிறானல்லன்.

மற்றொன்றும் நினைவிற்கொள்வோம். அபாயம் என்பது தீர்ப்பன்று. ஆதலின் மாரடைப்புற்றவரை, "தம் குற்றத்தால் வீழ்ந்தார்" எனப் பழித்தல் தகாது. கணக்கு நமக்குக் கற்பிப்பது நம்மளவில் விழிப்பு, பிறரளவில் இரக்கம்.

நம்மை நம்பி வாழ்வோர் நம் இல்லத்தில் உளர். அவர்பொருட்டேனும் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்தறிவோமாக.