காடு மன்னிக்குமா?

தனிமையும் துன்பமும் மனிதனின் குற்றத்தைக் கழுவிவிடும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. வனத்தில் தவமிருந்த முனிவர்களும் எகிப்தின் பாலைவனத் துறவிகளும் அதற்கு வலுச் சேர்த்தார்கள். இளையோருக்கான இரண்டு அமெரிக்க நாவல்களைச் சேர்த்துப் படித்தால், அந்த நம்பிக்கை எதுவரை செல்லும் என்பது புரிகிறது. ஒன்று, 1988இல் நியூபெரி கௌரவம் பெற்ற கேரி பால்சனின் ‘ஹாட்செட்’. இன்னொன்று, 2001இல் வெளிவந்த பென் மிக்கெல்சனின் ‘டச்சிங் ஸ்பிரிட் பேர்’. முதல் நாவலில், விமானி மாரடைப்பால் இறக்க, 13 வயது பிரையன் கனடாவின் வடபகுதியில் ஓர் ஏரியில் விழுந்து, கைக்கோடரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 54 நாள் பிழைக்கிறான். இரண்டாவதில், பீட்டர் என்ற சிறுவனின் தலையை நடைபாதையில் மோதி மூளைக்கே சேதம் விளைவித்த 15 வயது கோல், சிறைக்குப் பதிலாக அலாஸ்காவின் ஆளில்லாத தீவுக்கு அனுப்பப்படுகிறான்.

முள்ளம்பன்றியின் முட்கள் காலில் தைத்த இரவில் பிரையன் இருட்டில் அழுது தீர்க்கிறான். அழுது ஓய்ந்த பிறகும் இருட்டும் வலியும் அப்படியே இருக்கின்றன. காட்டுக்கு அவன்மீது கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அப்படியிருக்க, தீவில் கோலைக் குதறும் வெள்ளைக் கரடியை மட்டும் நாம் ஏன் தெய்வ தண்டனையாகப் படிக்க வேண்டும்? ஈட்டியோடு கொல்ல வந்தவனிடமிருந்து அது தன்னைக் காத்துக்கொண்டது, அவ்வளவுதான். பீட்டரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கிழிந்த உடலோடு மழையில் கிடந்தபோதுதானே, புயலில் விழுந்த குஞ்சுப் பறவைகளைக் கண்டு கோலின் மனம் இளகியது, அங்கே எந்த மனிதனும் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரியவர்களை ஏமாற்றியே பழகியவனுக்கு ஏமாற்ற ஆளில்லாத இடம் தேவைப்பட்டது. அதைக் காடு கொடுத்தது. ஆனால் மனம் திருந்துவது வேறு, மன்னிப்புப் பெறுவது வேறு. கோல் தீவில் அமைதி தேடிக்கொண்டிருந்த நாள்களில்தான் பீட்டர் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயல்கிறான். ஒருவன் தனக்குள் அடைந்த தெளிவு, அவனால் உடைக்கப்பட்டவனுக்கு ஒரு துளியும் போய்ச் சேரவில்லை. பிரையனின் கதையும் இதையே வேறு வழியில் காட்டுகிறது: தாயைப் பற்றி அவன் சுமந்து சென்ற ரகசியம், அத்தனை துன்பத்துக்குப் பிறகும் தந்தையிடம் சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. உணவும் நெருப்பும் தேடக் கற்றுத்தந்த காடு, வீட்டின் முடிச்சை அவிழ்க்கவில்லை.

பூர்வகுடி மரபுகளைச் சித்தரித்த விதத்துக்காக மிக்கெல்சனின் நாவல் கண்டிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கண்டனத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அந்த நாவல் பின்வாங்கவில்லை. கோலின் தவத்தோடு கதையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் பீட்டரையே தீவுக்குக் கொண்டுவருகிறது. பீட்டர் அடிக்கிறான், கோல் திருப்பி அடிக்கவில்லை. கோல் செதுக்கிவந்த மரத்தூணில் மிச்சமிருந்த இடத்தை நிரப்ப, கடைசியில் இருவரும் சேர்ந்து உளி பிடிக்க வேண்டியிருக்கிறது.