கஞ்சாவைச் சட்டம் அனுமதித்தால் ஆகுமா?

அய்யா துணை

கஞ்சாவை அனுமதிக்கலாமா என்ற கேள்வி இன்று எங்கோ அயல்நாட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. உருகுவே 2013-லும் கனடா 2018-லும் வயது வந்தோருக்கு அதை அனுமதித்துச் சட்டம் செய்தன. தாய்லாந்து 2022-ல் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே கஞ்சாவை நீக்கியது. தெருவுக்குத் தெரு கடை முளைத்த பின், 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடியும் கட்டுப்பாடு போட்டது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் ஆணையம், மிகக் கொடிய போதைப்பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க வாக்கெடுத்தபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் வந்து கேட்கிறார்கள்: "அரசாங்கமே கடை வைத்துச் சாராயம் விற்கிறதே, ஒரு செடியை மட்டும் தடுப்பானேன்?" அதட்டி வாயடைத்துவிட்டால் அந்தக் கேள்வி போய்விடாது. அது வீட்டுக்கு வெளியே போய் வேறு யாரிடமாவது பதில் தேடும்.

பிள்ளைகள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் செடியின் பூத்த, காய்த்த நுனியைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராமல் இலையை மட்டும் எடுத்தால் அது அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் வட இந்தியாவில் சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடையிலேயே பாங்கு கிடைக்கிறது. ஒரே செடியின் இலை கடைக்கும் பூ வழக்குக்கும் போகின்றன. அதற்கு முன்னே, 1893-ல் ஆங்கிலேய அரசு அமைத்த குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான பழக்கத்தால் பெருங்கேடு இல்லை, முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்றது. (அந்த அரசுக்குக் கஞ்சாவிலிருந்து வருமானம் வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.) சட்டம் போடும் கோடு காலத்துக்குக் காலம் இடம் மாறுகிறது என்பது உண்மைதான்.

இது அய்யாவின் பிள்ளைகளுக்குப் புதிய செய்தி அல்ல. பனையேறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும் வரி கேட்டதும் அன்றைய திருவிதாங்கூர்ச் சட்டம்தான். பெண்கள் தோள்சீலை அணிவதைத் தடுத்ததும் அதுவே. அய்யா வைகுண்டரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்ததும் அரசாணையின் பேரில்தான். எனவே, சட்டம் தடுத்ததெல்லாம் அதர்மம் என்று அன்புக்கொடி மக்கள் ஒருநாளும் சொல்ல முடியாது. அப்படியானால் சட்டம் அனுமதித்ததெல்லாம் தர்மம் என்றும் அவர்கள் ஒப்பிவிட முடியாது.

உயிர்ப்பலியின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். கோயில்களில் ஆடு, கோழி வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1950-லேயே சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு அது ஏட்டில் கிடந்தது. 2003-ல் அதைக் கண்டிப்பாக நிறைவேற்ற உத்தரவு பிறந்ததும் எதிர்ப்பு எழுந்தது, 2004-ல் சட்டமே நீக்கப்பட்டது. ஆனால் அய்யாவின் போதனையை ஏற்ற குடும்பங்களில் பலி நின்றது அந்தச் சட்டம் பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு முன்னே. சட்டம் வந்தபோது அவர்கள் புதிதாக விட வேண்டியது எதுவும் இருக்கவில்லை. சட்டம் போனபோதும் அவர்கள் கிடாயைத் தேடிப் போகவில்லை.

துவையல் தவசும் அப்படியே. வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் நாளுக்கு மூன்று முறை குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒருவேளை மரக்கறி உணவோடு இருந்தார்கள். அப்படி இருக்கச் சொல்லி எந்த அரசாணையும் வந்ததில்லை. ஆளுகிறவர்களின் கண்ணில் மனிதராகவே மதிக்கப்படாதவர்கள், தங்கள் உடலையும் மனத்தையும் தாங்களே ஆண்டு காட்டினார்கள்.

"சாமியார்களே கஞ்சா புகைக்கிறார்களே, அது தியானத்துக்கு உதவுமாமே" என்பது அடுத்த வாதம். புகைப்பவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் சுவாமிதோப்பில் அய்யா இருந்த ஆறு ஆண்டுத் தவசில் முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் கழிந்தது. அந்தத் தவசு எதையும் மறப்பதற்காகச் செய்தது அன்று, யுகத்தின் துயரத்தையும் சாதியால் நசுங்கியவர்களின் துயரத்தையும் நினைத்துச் செய்தது. மறதியைக் கொடுக்கிற பொருளுக்கு அங்கே என்ன வேலை?

பள்ளியறையை நினைத்துப் பார்க்கலாம். அங்கே சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, விளக்கு இருக்கிறது. நாமம் இட்டு நிற்பவனுக்குத் தன் முகமே எதிரே தெரிகிறது. இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்று சொல்லும் வழிபாட்டில் நிற்பவன் தெளிவாக நிற்க வேண்டும் என்பது அதிகப்படியான கட்டளை அல்ல, வழிபாடே அதுதான். கலி என்பது ஆயுதம் ஏந்தி வெளியே நிற்கும் அரக்கன் அல்ல, மனத்துள் புகுந்த மாயை என்பதும் எல்லாரும் அறிந்ததே. மனத்தை மயக்க விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குவது அந்த மாயைக்குத் தானே கதவு திறந்துவிடுவதாகும். பருவ வயதில் கஞ்சாவைத் தொடங்குவோருக்கு அடிமைப்படும் அபாயமும் மனநோய் அபாயமும் கூடுதல் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதோடு சேர்ந்தது. வலிப்பு நோய்க்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்தை மருத்துவர் கொடுத்தால் அது வேறு, மருந்தை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

டாஸ்மாக்கைக் காட்டிக் கேட்ட பிள்ளைக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு வாசல் வழியே வீடு களவு போகிறது என்றால் இரண்டாவது வாசலையும் திறந்து வைக்க யாரும் சொல்ல மாட்டார்கள். குடியால் வரும் பணத்தை அரசு ஒருமுறை எண்ணிப் பழகிவிட்டால் அந்தக் கடையை மூடுவது எத்தனை கடினம் என்பதைத் தமிழ்நாட்டுப் பெண்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

ஆனால் விற்பனைக்கு வேண்டாம் என்று சொல்பவர், அகப்பட்ட பையனைச் சிறைக்குத் தள்ளினால் சரி என்று இருந்துவிடக் கூடாது. இந்த விவாதத்தில் தாங்கல்களுக்கு உண்மையாக வேலை இருப்பது இந்த இடத்தில்தான். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் சட்டம் அதைச் சிறிய அளவு என்கிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் போனால் பத்து முதல் இருபது ஆண்டு. பெருவியாபாரி எப்படியோ வழக்கறிஞரைப் பிடித்துக்கொள்கிறான். கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளைதான் முதலில் கையில் சிக்குகிறான். அதன்பின் ஊர் அந்த வீட்டு முற்றத்தை மிதிப்பதில்லை. தாய் தாங்கலுக்கு வருவதையும் நிறுத்திக்கொள்கிறாள். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று கேட்டு வளர்ந்த ஊரில் இது நடக்கிறது.

அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ பயன்படுத்திய வழக்கிலோ சிக்கினாலும், அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மேல் வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். இதைப் பெற்றோருக்கும் அவர்கள் வைக்கும் வழக்கறிஞருக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். சிகிச்சை பாதியில் நிற்காமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் கூடும் பெரியவர்களில் ஒருவர் அவனோடு மருத்துவமனைக்குப் பேருந்து ஏறலாம். அவன் திரும்பி வந்த முதல் வாரங்களில் மாலை நேரம்தான் மிகவும் நீளமாக இருக்கும். அந்த நேரத்தில் அவனுக்கு முற்றம் பெருக்கவும், தண்ணீர் கோரவும், அன்னதர்மம் பரிமாறவும் பணிவிடை கொடுக்கலாம்.