டஸ்கீகியின் செங்கற்கள்

எதிராளியின் மனம் கோணாமல் பேசி, அவன் பணத்திலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொள்வது சாமர்த்தியமா, சரணாகதியா? அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வந்தபோது இந்தக் கேள்வியும் கூடவே நடந்தது.

எங்கு திரும்பினாலும் செங்கல் கட்டடங்கள். பிறவியிலேயே அடிமையாக இருந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் தொடங்கிய கல்லூரி இது. பாழாய்க் கிடந்த பழைய பண்ணை ஒன்றை வாங்கினார். செங்கலை மாணவர்களே அறுத்துச் சுட்டார்கள். மூன்று சூளைகள் வீணாயின. தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவதைப் போட்டார். கடிகாரத்தை மீட்கவேயில்லை. படிக்க வந்த பிள்ளைகளை மண் குழைக்க விடுவதா என்று பெற்றோர் சிலர் கோபப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மண்ணிலிருந்து விடுபடத்தானே பள்ளிக்கு அனுப்பினார்கள்!

1895இல் அட்லாண்டாவில் வெள்ளையர் நிறைந்த கூட்டத்தில், சம உரிமைக்கு இப்போது அவசரமில்லை, முதலில் தொழில் கற்போம் என்கிற தொனியில் வாஷிங்டன் பேசினார். கைதட்டலும் நன்கொடையும் குவிந்தன. 1903இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் அதைக் கடுமையாகச் சாடினார். நான் டு பாய்ஸ் கட்சிதான். பணிந்து பேசியதற்கு அலபாமா காட்டிய நன்றி என்ன? 1901இல் புதிய அரசியல் சட்டம் எழுதி, கறுப்பினத்தவரில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது.

ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குக்கு வாஷிங்டன் ரகசியமாகப் பணம் கொடுத்திருக்கிறார். மேடையில் ஒரு முகம், கடிதங்களில் இன்னொன்று. கோழை என்று எழுத வந்த கை அங்கே நின்றுவிடுகிறது.

வளாகத்தின் நடுவே அவர் சிலை: குந்தியிருக்கும் அடிமையின் முகத்திரையை விலக்குகிறார். இங்கே படித்த ரால்ஃப் எல்லிசன் தன் நாவலில் இதே போன்ற சிலையை வைத்து, திரை விலகுகிறதா, இன்னும் இறுக மூடுகிறதா என்று கதைசொல்லியைக் குழம்ப வைத்தார்.

வாக்குரிமைப் பறிப்பும் 1901ஓடு நிற்கவில்லை. 1957இல் மாநில அரசு டஸ்கீகி நகரின் எல்லையைத் திருத்தியது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கக் கோணல் வடிவமானது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர எல்லோரும் ஊருக்கு வெளியே போனார்கள். இதே கல்லூரியின் சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் வழக்குத் தொடுத்தார். 1960இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வாஷிங்டன் மறைத்துச் செய்ததைக் கோமிலியன் வெளிப்படையாகச் செய்தார். அந்த வழக்கு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.