முகாமுக்கு வெளியே

சிங்கப்பூரில் குடியேறிய என் ராத்தாவின் மகன் தேசிய சேவையில் சேர்ந்திருக்கிறான். 1967 முதல் அங்கே 18 வயது நிரம்பிய ஆண்பிள்ளைகளுக்கு இது கட்டாயம். இப்போது முழுநேரமாக 2 வருடங்கள். தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. ராத்தாவுக்குத் துப்பாக்கியைப் பற்றிக் கவலையில்லை. வார இறுதியில் வெளியே விடுகிறார்களே, யாரோடு எங்கே போவானோ என்பதுதான். "உள்ளே இருக்கும் வரை பயமில்லை தம்பி. அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்ல முடியாதா?" என்று கேட்கிறார்.

எனக்கு இது உறுத்துகிறது. உள்ளே அவன் எழுவதும் உறங்குவதும் கட்டளையால். தண்டனைக்குப் பயந்து நிமிர்ந்து நிற்பதை ஒழுக்கம் என்போமா? வகுப்பில் நான் இருக்கும் வரை அமைதி, படியிறங்கினால் சந்தை. அந்த அமைதிக்கு நான் புள்ளி போடுவதில்லை.

தாயின் அச்சத்தைச் சட்டமும் ஓரளவு பகிர்ந்துகொள்கிறது. 2021 முதல் அங்கே 21 வயதாகாதவர் புகைக்கக் கூடாது. துப்பாக்கி மட்டும் ஏந்தலாம். இந்த முரண் கிடக்கட்டும். எங்கே போனாய் என்று மகனிடம் கேட்கத் தாய்க்கு உரிமையுண்டு. அவன் போகாமலிருக்க மேலதிகாரியிடம் வேண்டுவது வேறு. அப்படி அடைத்து வைத்தால், 2 வருடங்கள் கழித்து வீடு திரும்புகிறவன் எப்படிப்பட்டவன் என்று ராத்தாவுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.