“அது அவங்க கர்மா”

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் இளைஞர் குழு ஒரு பி.பி.ஆர். அடுக்குமாடிக்கு மளிகைச் சாமான் கொண்டு போனது. அரிசி, எண்ணெய், மாவு, சீனி, ஒரு பாக்கெட் முறுக்கு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, அன்றுதான் முதல் முறையாக வந்திருந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, இவங்க மட்டும் ஏன் இப்படிக் கஷ்டப்படுறாங்க?”

நான் யோசிக்கவே இல்லை. “அது அவங்க கர்மா தம்பி. நம்மால முடிஞ்சத நாம செய்வோம்” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கினான்.

சமய வகுப்பில் படித்ததைத்தானே சொன்னேன் என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். நடக்கவில்லை. காரணம், பதினோராவது மாடியில் பார்த்த ஓர் அக்கா. ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. இரண்டு பிள்ளைகள், நடக்க முடியாத அம்மா. குறைந்தபட்சச் சம்பளம்.

2025 பிப்ரவரியிலிருந்து அந்தச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2022-இல் அரசாங்கமே கணக்கிட்ட வறுமைக்கோடு, ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக மாதம் 2,589 ரிங்கிட். அதாவது ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் கோட்டுக்குக் கீழேதான். இந்த 1,700 எந்தப் பிறவியில் முடிவானது? இந்தப் பிறவியில்தான், ஓர் அரசாணையில். 2013-இல் முதன்முதலாக வந்தபோது தீபகற்பத்தில் அது 900. கோடும் அப்படித்தான். பழைய கோடு 980 ரிங்கிட். அந்தக் கணக்கில் 2016-இல் ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடு. 2020-இல் கணக்கிடும் முறையைத் திருத்தி, 2019-க்கான கோட்டை 2,208 என்று வைத்ததும் அது 5.6 விழுக்காடு ஆகிவிட்டது. அத்தனை குடும்பங்களுக்கும் திடீரென்று முன்வினை வந்து சேரவில்லை. முன்பு நாம் எண்ணாமல் விட்டவர்களை இப்போது எண்ணினோம், அவ்வளவுதான்.

அப்படியானால் கர்மா பொய்யா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. நான் நம்புகிறவன். ஆனால் நம் சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இனிமேல் சேர்த்துக்கொள்ளும் ஆகாமியம். அந்த அக்காவின் சஞ்சிதமும் பிராரத்தமும் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேச எனக்கு அருகதையும் இல்லை. அவர் முன்னால் நிற்கும்போது எனக்குத் தெரிந்த ஒரே வினை என்னுடைய ஆகாமியம்தான். எங்கள் பாடத்தில் ஒரு சமன்பாட்டைத் தீர்க்கத் தொடக்க நிலை மட்டும் போதாது, இப்போது வெளியிலிருந்து என்ன கொடுக்கிறோம் என்பதும் வேண்டும். நான் அந்தத் தம்பிக்குத் தொடக்க நிலையை மட்டும் சொல்லிவிட்டு, கொடுக்க வேண்டியதை ஒரு மூட்டை அரிசியாகச் சுருக்கிவிட்டேன்.

திருக்குறளில் ‘அறன் வலியுறுத்தல்’ அதிகாரத்தில் பல்லக்கு வரும் குறள் ஒன்று உண்டு. ஒருவர் சுமக்கிறார், ஒருவர் ஏறிப் போகிறார். அறத்தின் பயன் இது என்று நூல் பார்த்துச் சொல்ல வேண்டாம், இந்த இருவரைப் பார்த்தாலே தெரியும் என்கிறார் பரிமேலழகர். பிற்காலத்தில் வேறு சிலர் அதே குறளைத் திருப்பிப் படித்தார்கள்: இந்த இருவரைக் காட்டி, இதுதான் அறத்தின் வழி என்று சொல்லிவிடாதே. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முதல் உரையைப் பல்லக்குக்குள் உட்கார்ந்து படிப்பது ரொம்ப சுகம். அது தெரிகிறது. அதே வள்ளுவர்தான் ‘இரவச்சம்’ அதிகாரத்தில், ஒருவன் பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். எல்லாம் அவனவன் வினை என்று நினைத்தவருக்குப் படைத்தவன் மேல் ஏன் இத்தனை கோபம்?

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டு, தோளில் காண்டா, இரண்டு பக்கமும் பால்வாளி. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபோது வேலை போனது, வீடும் அதோடு போனது. அந்தக் காலத்தில் தோட்ட மக்களிடம் “எல்லாம் தலையெழுத்து” என்று சொல்ல ஆள் நிறைய இருந்திருப்பார்கள். ஆனால் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை, பாட்டியின் தோட்டத்தையும்தான். ஆனாலும் சுமந்தவர்களே சேர்ந்து பல்லக்கின் கணக்கைக் கேட்ட ஒரு காரியம் அது. பாட்டியிடம் இதைச் சொன்னால், “நாங்க கேட்டது அன்னதானம் இல்லடா, காடி நிலம்” என்பார். (பாட்டிக்கு ‘கால் ஏக்கர்’ எப்போதும் ‘காடி’தான்.)

தானத்தைக் குறை சொல்லவில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறு, பொருளாதாரம் பிறகு. இளையான்குடி மாற நாயனார் மழை இரவில் வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லையே வயலில் போய் வாரிக்கொண்டு வந்தார். வந்தவர் முற்பிறவியில் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. என் சங்கடம் வேறு. “கொடுத்தால் புண்ணியம்” என்று சொல்லிச் சொல்லி, ஏழையை நம் புண்ணியக் கணக்கில் வரவு வைக்கும் பொருளாக ஆக்கிவிட்டோமோ? அன்று நாங்கள் பையைக் கொடுக்கும்போது குழுவில் ஒருவர் கைப்பேசியைத் தூக்கினார். “தம்பி, படம் வேணாம். எம் மவ ஸ்கூல்ல யாராச்சும் பாத்துருவாங்க” என்றார் அக்கா. படம் எடுக்கவில்லை. ஆனால் எடுக்க முடியாமல் போனதில் எனக்கும் ஒரு நொடி ஏமாற்றம் இருந்தது. அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரியில் அந்தத் தம்பியை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். கையில் எதுவும் கொண்டு போகவில்லை. “உங்களுக்கு என்னக்கா வேணும்?” என்று கேட்டேன். முதல் தடவை கேட்க வேண்டிய கேள்வி. அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“லிஃப்ட சரி பண்ணச் சொல்லுங்க தம்பி. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக மாசம் ரெண்டு தடவ ஆள் புடிச்சு நாற்காலியோட தூக்க வேண்டியிருக்கு.”

லிஃப்ட் கெட்டது யார் கர்மா என்று தம்பி என்னைக் கேட்கவில்லை. பராமரிப்பு யார் பொறுப்பு, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டான். மாடி மாடியாக ஏறிக் கையெழுத்து வாங்கினோம். 63 வீடு. கடிதம் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது, பதில் இல்லை. அடுத்த திங்கள் காலை வகுப்பு இல்லை. இருவரும் நேரில் போய்க் கேட்கப் போகிறோம்.