இணையக் குரலும் அண்டை வீட்டு வாசலும்

பொது நன்மைக்காக இணையத்தில் குரல் எழுப்புவது தொண்டாகுமா, நேரிற் சென்று உழைப்பது மட்டுமே தொண்டா என்னும் வாதம் நம்மவருள் நிகழ்ந்து வருகிறது. முதியோர் முன்னதைச் சோம்பேறித் தொண்டு என்கின்றனர். வாலிபர் பின்னதைப் பழைய வழக்கம் என்கின்றனர். இரண்டும் ஒருதலைப் பேச்சென்பதே நம் கருத்து.

நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கருதுவோம். கோவிட் நோயின் பொருட்டு 2021-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆந் தேதி மலேசியாவெங்கும் கடுமையான நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. தினக்கூலியை நம்பிய குடும்பங்கள் பல உணவுக்குத் தவித்தன. அச்சமயம், உதவி வேண்டுவோர் வாய்திறந்து யாசிக்க வேண்டுவதில்லை, வாசலில் ஒரு வெள்ளைக்கொடி கட்டினாற் போதும் என்னும் வேண்டுகோள் இணையத்தின் வழியே பரவிற்று. கொடி கண்ட இடங்களுக்கு இனமதம் பாராது மக்கள் உணவுப்பொருள் கொண்டு சென்றனர்.

இதில் இணையம் செய்தது யாது? வெட்கத்தால் வாய்மூடியிருந்தோர்க்கு ஓர் அடையாளத்தை அளித்தது. அதன் பொருளை நாடறியச் செய்தது. வீடுவீடாகச் சென்று இதனை அறிவித்தல் அக்கட்டுப்பாட்டின்போது எச்சங்கத்தாலும் இயலாத காரியம். எனினும், ஆயிரம்பேர் அக்கொடியின் படத்தைப் பகிர்ந்தாலும், ஒருவரேனும் அரிசியுடன் வாசலுக்கு வந்தாலன்றி அவ்வீட்டில் அடுப்பு எரியாது.

நேரிற் கூடுதலே போதும் என்பாரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். நம் கூட்டங்களுக்கு யார் வருகின்றனர்? இரவு வேலைக்குச் செல்வோர், கைக்குழந்தையுடைய தாய், நடக்க இயலாதார், பெரியோர் முகஞ்சுளிப்பரென அஞ்சும் பெண்கள் ஆகியோரின் குரல் அங்கே கேட்பதில்லை. கைபேசியின் வழியாகவேனும் அது கேட்குமாயின் நன்றன்றோ?

ஆயினும் ஓர் அபாயம் உண்டு. தூரத்து அநீதியைக் கண்டித்து எழுதுவோரை மறுநாள் கணக்குக் கேட்பார் அரியர். அண்டை வீட்டாரோ நாளையும் நம்மைக் காண்பர், "நேற்றுச் சொன்னீரே, என்ன ஆயிற்று?" என்று வினவுவர். அவ்வினாவே நம் சொல்லுக்கு நேர்மை தருவது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வந்தவருக்கே செக்ரோலில் பேர் விழும். வருவதாகச் சொல்லியனுப்பியவருக்கு விழுவதில்லை.

ஆகவே, ஒரு துன்பத்தை இணையத்தில் எடுத்துரைப்போர், அத்தகைய துன்பம் தம் தெருவிலோ லயத்திலோ உண்டா என விசாரித்து, இயன்றதை நேரிற் செய்வாராக. கூட்டம் நடத்துவோர், வர இயலாதார் கருத்தையும் கேட்டறிந்து சபையில் வைப்பாராக. இவ்விரு கடமைகளில் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.