பள்ளிக்குழு: தேர்வா, நியமனமா?

ஊர்ப் பள்ளியின் நிருவாகத்தில் அமர்வோரை மக்கள் தேர்ந்தெடுத்தல் வேண்டுமா, மேலிருப்போர் நியமித்தல் வேண்டுமா? கேட்ட அளவில் இவ்வினா சட்டசபைக்கு உரியது போலத் தோன்றும். ஆயினும் குறிஞ்சிப்பாடியில் தறியின் அருகே அமர்ந்து தார் சுற்றும் தாய்க்கும் இதில் பங்குண்டு. அவள் பிள்ளை பயிலும் வகுப்பின் கூரை, குடிநீர், கழிப்பிடம் யாவும் அக்குழு மேற்பார்க்க வேண்டியவையே.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. 2022இல் நம் மாநிலத்தில் அமைந்த குழுக்களில் 20 உறுப்பினருள் 15 பேர் பெற்றோர். 2024இல் முன்னாள் மாணவரும் சேர, எண்ணிக்கை 24 ஆயிற்று. நம்மவர் நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும், 2012இன் திருத்தப்படி, இக்குழு ஆலோசனை கூறும் அளவோடு நிற்கும். பெற்றோர் இத்துணைப் பேர் எனச் சொன்ன அப்பிரிவு, அவர்களை எவ்வாறு தெரிவது என்பதைச் சொல்லவில்லை. பெற்றோர் திரளாக வந்து தெரிந்தெடுக்கும் இடங்களும் உள. வந்த நாலு பேரின் பெயரை எழுதிக் கையொப்பம் வாங்கும் இடங்களும் உள. பின்னையது பெயரளவில் தேர்தல், உண்மையில் நியமனம்.

நியமனமே நன்று என்பாரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. தேர்தல் வந்தால் கட்சி வரும், சாதி வரும், தெரு இரண்டுபடும் என்பர். நம் சமுதாயத்தார்க்கு வேறோர் அச்சமும் உண்டு. இருபது வீட்டினர் இருநூறு வீட்டாரிடையே வாழும் ஊரில் வாக்கெண்ணினால் நமக்கு இடம் ஏது? அதிகாரி பார்த்து ஓரிடம் தந்தால் போதாதா? நானும் இதனைப் பலகால் எண்ணியதுண்டு. ஆனால் பார்த்துத் தரப்பட்ட இடம், தந்தவர் முகம் சுளித்தால் போய்விடும். அவ்விடத்தில் அமர்ந்தவர் கூரை ஒழுகுகிறது என்று உரக்கச் சொல்வாரா? மேலும், இங்கே வாக்களிப்போர் ஊரார் அனைவருமல்லர், பெற்றோர் மட்டுமே. நான்காம் வகுப்புப் பிள்ளையின் தாயை, அதே வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் அறிவர். அவள் எந்தத் தெரு என்பதைவிட, கேட்க வேண்டியதைக் கேட்பாளா என்பதே அவர்களுக்குப் பெரிது.

பதவியை நாடிக் கேட்பவருக்கு அதனை அளிப்பதில்லை என்னும் கருத்துடைய நபிமொழியைச் சிலர் தேர்தலுக்கு எதிராக எடுத்துக்காட்டுவர். (யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றதற்கு விரிவுரையாளர் தரும் விளக்கம் தனி.) தானே கேட்க வேண்டியதில்லை, பிறர் அவர் பெயரை முன்மொழியலாமே. ஹிஜ்ரி 23இல் உமர் (ரலி) அவர்கள் அடுத்த கலீஃபாவைத் தெரிய அறுவரை நியமித்தார்கள். தம் மகனை ஆலோசனைக்கு வைத்தும், பதவிக்கு உரியவராக்கவில்லை. அவ்வறுவருள் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனத்து மக்களிடம் கருத்துக் கேட்டபோது, திரைக்குப் பின்னிருந்த பெண்களையும் விடவில்லை என்று இப்னு கஸீர் எழுதுகிறார். நியமனத்தில் தொடங்கிய காரியமும் மக்களைக் கேளாமல் முடியவில்லை.

நம் நாட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டும் ஈண்டு நினைக்கத்தக்கது. முதலாம் பராந்தகன் காலத்தில், 921இல் வெட்டப்பட்ட அது, குடத்தில் இட்ட ஓலையைச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியத்தாரைத் தெரிந்த முறையைக் கூறும். தேர்தலுமன்று, நியமனமுமன்று, குலுக்கல். நிலமில்லாதார்க்கு அதில் இடமில்லை. அக்குறையை மறைக்க வேண்டா. ஆனால் முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் அது விலக்கியது. இவ்விதியொன்றே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடல் கடந்தும் இவ்வழக்கு ஓயவில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1995 முதல் மேயரே பள்ளி வாரியத்தை நியமித்தார். 2024 நவம்பரில்தான் மக்கள் 10 பேரைத் தேர்ந்தெடுத்தனர், 11 பேர் அப்போதும் நியமனத்தாலேயே வந்தனர். தமிழகத்திலோ ஊராட்சித் தேர்தல்கள் 1970க்குப் பின் 1986இல், அதன்பின் 1996இல். 2016 முதல் 2019 முடியத் தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரியில் கடலூர் முதலிய மாவட்டங்களில் மீண்டும் அதுவே. பள்ளிக்குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்குச் சட்டம் வைத்த நாற்காலியில் அமர அக்காலங்களில் பிரதிநிதி இல்லை.

1995இன் சட்டம் வக்பு வாரிய உறுப்பினருள் ஒரு பகுதியினரை முத்தவல்லிகள் முதலியோர் தேர்ந்தெடுக்கச் செய்தது. 2025இன் திருத்தம் அதனை நீக்கி, அனைவரையும் அரசே நியமிக்கும் என்றாக்கியது. நம் உரிமை போயிற்றே என்று மேடைதோறும் வருந்தினோம், வருந்தியது முறையே. ஆனால் பள்ளிக்குழுவுக்குப் பெற்றோரைத் தெரியும் நாளில், யாரையாவது எழுதிக்கொள்ளட்டும் என்று வீட்டிலிருப்பவரும் நம்முள் உளரன்றோ? ஜமாஅத் நடத்தும் பள்ளியின் குழுவை ஒரே வீட்டார் வழிவழியாக வைத்திருப்பதைக் கண்டும் வாய்திறவாதவர், அரசைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துதான் ஒலிக்கும்.

ஆகவே பெற்றோரே தெரிந்தெடுக்கட்டும். எண்ணிக்கையில் சிறியோர்க்குச் சட்டப்படி இடம் ஒதுக்குவதாயினும், அவ்விடத்துக்கு உரியவரை அப்பெற்றோரே பெயர் சொல்லட்டும். கூட்டம் கூலிநாளின் நண்பகலில் வேண்டா. தறி நின்றபின் மாலையில் கூடட்டும். முதற்காரியமாகச் சென்ற ஆண்டின் வரவு செலவை உரக்கப் படிக்கட்டும், தார் சுற்றும் தாய்க்கும் கேட்கும்படி.